மருந்து அடிப்பவரின் உடம்பையும் கணக்கில் சேர்த்தபோது

நெற்பயிருக்கு அடிக்கும் ஒரு பூச்சிமருந்து தேவையா, வேண்டாமா என்பதை ஆராய்ச்சி நிலையங்கள் முடிவு செய்யும் முறை எளிமையானது. ஒரே வயலைச் சிறு பாத்திகளாகப் பிரிப்பார்கள். சிலவற்றில் மருந்து அடிப்பார்கள், சிலவற்றை அடிக்காமல் விடுவார்கள். விதை, உரம், தண்ணீர், நட்ட நாள் எல்லாம் எல்லாப் பாத்திக்கும் ஒன்றுதான். அறுத்து அடித்த பிறகு நெல்லைத் தனித்தனியாக எடை போடுவார்கள். மருந்து அடித்த பாத்தியில் கூடுதலாகக் கிடைத்த நெல்லின் விலையிலிருந்து மருந்தின் விலையையும் அடித்த கூலியையும் கழிப்பார்கள். மிச்சம் நின்றால் அந்த மருந்து சிபாரிசுப் பட்டியலில் ஏறும்.

இந்தக் கணக்கில் மருந்து அடித்தவர் கூலியாக மட்டும்தான் வருகிறார். அன்று ராத்திரி அவருக்குத் தலை சுற்றியதா, மறுநாள் வேலைக்குப் போனாரா, பத்து வருஷம் இதையே செய்த பிறகு அவருடைய கண்ணும் தோலும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்பதை எழுத அதில் இடமே கிடையாது. அந்த இடத்தையும் சேர்த்து, டாக்டரையும் பொருளாதார அறிஞரையும் உட்கார வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்ட ஆய்வு ஒன்று 1990-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் நடந்தது. பசுமைப் புரட்சியின் நெல்லை ஆசியாவுக்குக் கொடுத்த நிறுவனமே அதையும் செய்தது. வேளாண் ஆராய்ச்சியில் நான் பெரிதும் மதிக்கும் வேலைகளில் அது ஒன்று. ஆனால் அதை நடத்தும் இடத்துக்கு அந்த நிறுவனம் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. முதலில் ஒரு பூச்சி அதற்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த நிறுவனமான சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-இல் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸில் தொடங்கப்பட்டது. இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற நெட்டை நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து 1966-இல் அது வெளியிட்ட ஐஆர் 8-ஐ நம் பக்கத்து மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டு ரகங்களுக்கு யூரியாவைக் கூட்டிப் போட்டால் பயிர் ஓங்கி வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஐஆர் 8 குட்டைத் தாளோடு நிமிர்ந்து நின்றது. தண்டை நீட்டுகிற ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி அதில் குறைவாகவே உருவாகிறது என்பதும், அதற்குக் காரணமான மரபணு எது என்பதும் 2002-இல்தான் தெரிய வந்தன. வயல் அந்த விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. சோதனைப் பாத்திகளில் ஹெக்டேருக்கு 9 டன் வரை விளைந்தது.

புது விதையோடு யூரியாவும், யூரியாவோடு பூச்சிமருந்தும் சேர்ந்தே வயலுக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் அரசு 1973-இல் ‘மசகானா 99’ என்ற திட்டத்தைத் தொடங்கி, விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கடனில் கொடுத்தது. பூச்சி இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. நட்ட இத்தனையாவது நாள் ஒரு முறை, அடுத்து இத்தனையாவது நாள் ஒரு முறை என்று நாள் எண்ணி அடிக்கும்படி அட்டவணை இருந்தது. அதுவரை பெரிதாகத் தலைகாட்டாத ஒரு பூச்சி அந்த ஆண்டுகளில்தான் பெருகத் தொடங்கியது. அதுதான் புகையான்.

புகையான் சில மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தூருக்கடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பசேலென்று இருக்கும். பிறகு வயலின் நடுவே ஓர் இடம் மஞ்சளாகி, சில நாளில் தீய்ந்து, வட்ட வட்டமாகப் பரவும். 1970-களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று தொடங்கி, 1973-74-இல் கேரளம் வரை இந்த வட்டங்கள் வந்துவிட்டன.

ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடியது, புகையானைத் தாங்கும் நெல். இதில் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1973-இல் வெளியான ஐஆர் 26, புகையானைத் தாங்குவதற்கென்று வந்த முதல் ரகம். அதன் பெற்றோரில் ஒன்று திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டிகேஎம் 6. இரண்டு மூன்று வருஷத்தில் புகையான் அந்த எதிர்ப்பை முறியடித்துவிட்டது. 1976-இல் குர்தேவ் குஷ் உருவாக்கிய ஐஆர் 36 வந்தது. அதன் வம்சாவளியிலும் டிகேஎம் 6 இருக்கிறது. பட்டாம்பி நிலையத்து நெல்லும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் உலகில் 1.1 கோடி ஹெக்டேரில் இந்த ஒரே ரகம் நின்றது. அதன் எதிர்ப்புச் சக்தியையும் சில இடங்களில் பூச்சி தாண்டியது. ரகத்தை மாற்றிக்கொண்டே போவதில் தீர்வு இல்லை என்பது அப்போது தெளிவாகியது. இந்தப் பூச்சி திடீரென்று ஏன் பெருகியது என்பதே சரியான கேள்வி.

அதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் பீட்டர் கென்மோர். லாஸ் பான்யோஸில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் வயலில் உட்கார்ந்து சிலந்திகளை எண்ணினார். மருந்து அடிக்காத வயலில் புகையான் இருந்தது, ஆனால் பெருகவில்லை. மருந்து அடித்த வயலில் அது பல மடங்கு பெருகியது. காரணம் புகையானின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. பெண் பூச்சி இலையுறைக்குள் கீறி முட்டையைச் செருகி வைக்கும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே போய் முட்டையைத் தொடாது. ஆனால் தூருக்கிடையே ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, புகையான் முட்டையைத் தேடித் தின்னும் சிறு பச்சை நாவாய்ப்பூச்சி இரண்டும் அதே மருந்தில் செத்துப்போகும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரியும்போது வயலில் அவற்றைத் தின்ன எதுவும் மிஞ்சியிருக்காது. விவசாயி மறுபடி அடிப்பார். மறுபடியும் அதே கதைதான்.

சிலந்திகள் எங்கிருந்து வருகின்றன, பூச்சி வராத காலத்தில் எதைத் தின்கின்றன என்ற கேள்விக்கு வில்லியம் செட்டிலும் அவருடைய சகாக்களும் ஜாவாவில் விடை கண்டார்கள். 1996-இல் வந்த அந்த ஆய்வைப் படித்தால் நெல் வயலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். சேடை ஓட்டி, தழை மக்கி, தண்ணீர் நிற்கும் வயலில் நட்ட சில நாளிலேயே நுண்பாசியும் மக்கும் பொருளும் தின்று வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் லட்சக்கணக்கில் தோன்றுகின்றன. கடிக்காத கொசு வகைகள் அவற்றில் முக்கியமானவை. பயிரை அவை தொடுவதே இல்லை. அவற்றைத் தின்றுதான் சிலந்திகள் முதலில் பெருகுகின்றன. புகையான் வந்து சேரும்போது வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே தயாராக நிற்கிறார்கள். நட்ட முப்பது, நாற்பது நாளுக்குள் அடிக்கும் முதல் மருந்து இந்த ஏற்பாட்டை அடியோடு கலைத்துவிடுகிறது. அந்த முதல் மருந்தைத்தான் நாம் எல்லோரும் தவறாமல் அடிக்கிறோம்.

அந்த ஆய்வுக்கு முன்பே, பிலிப்பைன்ஸில் நெல் வயல்களைச் சுற்றியிருந்த ஊர்களின் இறப்புப் பதிவேடுகளை மைக்கேல் லோவின்சன் என்ற ஆய்வாளர் புரட்டிக்கொண்டிருந்தார். மத்திய லூசோனில் பூச்சிமருந்து பரவலான காலத்தில், வேலை செய்யும் வயதிலிருந்த ஆண்களின் இறப்பு கூடியிருந்தது. பெண்களிடமும் குழந்தைகளிடமும் அப்படி இல்லை. மருத்துவமனைக்குப் போகாமல், மாரடைப்பென்றும் பக்கவாதமென்றும் பதிவான சாவுகளில் ஒரு பகுதி மருந்தால் வந்ததாக இருக்கலாம் என்று 1987-இல் ‘லான்செட்’ இதழில் அவர் எழுதினார். நெல் ஆராய்ச்சி உலகம் அதை அசட்டை செய்ய முடியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஆக்னஸ் ரோலா, பிரபு பிங்காலி, சிந்தியா மார்க்கெஸ், ஃப்ளோரன்ஸியா பாலிஸ் ஆகியோர் செய்த, தொடக்கத்தில் சொன்ன ஆய்வு வருகிறது. மார்க்கெஸ் மருத்துவர். மருந்து அடிக்கும் விவசாயிகளையும் அதிகம் அடிக்காத பகுதி விவசாயிகளையும் அவர் முழுமையாகப் பரிசோதித்தார். கண், தோல், நகம், நுரையீரல், நரம்பு, ரத்தம் என்று ஒன்றையும் விடவில்லை. கண்ணில் சதை வளர்ச்சி, தோலில் சொறியும் வெடிப்பும், ஒழுகும் தெளிப்பானைக் கையாண்டதால் அரித்துப்போன நகம், நாள்பட்ட இருமல் ஆகியவை அந்த உடம்புகளில் காணப்பட்டன. வயது, புகை, குடி போன்றவற்றின் பங்கைக் கழித்துவிட்டு, மீதி நோய்க்கு ஆகும் வைத்தியச் செலவையும் இழந்த வேலை நாளையும் பொருளாதார அறிஞர்கள் பணமாக்கினார்கள். பிறகு நான்கு வழிகளை ஒப்பிட்டார்கள்: நாள் எண்ணி முழுக்க அடிப்பது, விவசாயிகள் வழக்கமாகச் செய்வதுபோல் ஓரிரு முறை அடிப்பது, பூச்சியை எண்ணிப் பார்த்து அடிப்பது, அடிக்காமல் இயற்கை எதிரிகளிடம் விடுவது.

நாள் எண்ணி அடிக்கும் முறை எல்லாவற்றிலும் மோசமாக நின்றது. உடம்பின் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது, அடிக்காமல் விடுவதே அதிக லாபம் தந்தது. 1993-இல் இது புத்தகமாக வந்தது. இயற்கை விவசாய ஆர்வலர்கள் சொல்லியிருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். ஐஆர் 8-ஐக் கொடுத்த நிறுவனமே, தன் பொருளாதாரப் பிரிவின் சொந்த எண்களை வைத்து இதைச் சொன்னதுதான் கனத்தது. அந்த நிறுவனம் தன் பண்ணையிலும் பூச்சிமருந்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டது.

மருந்து அந்த உடம்புகளுக்குள் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு பற்றி நம்மிடம் இருக்கும் எண்ணங்களில் பாதி இங்கேதான் தவறுகின்றன.

நம் வயலில் மருந்து அடிப்பவர் 16 லிட்டர் டேங்கை முதுகில் கட்டிக்கொள்கிறார். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று முறை டேங்கை இறக்கி, மூடி திறந்து, மருந்தை அளந்து ஊற்றி, தண்ணீர் நிரப்பி, மறுபடி முதுகில் ஏற்ற வேண்டும். மருந்து பாட்டிலில் கெட்டியாக இருக்கும்போது கையில் படுவது, கரைத்த பிறகு படுவதைவிடப் பல நூறு மடங்கு வீரியம் கொண்டது. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் முதுகில் வழியும். அங்கிருந்து இடுப்பு, லுங்கி, தொடை. நாசிலை முன்னால் நீட்டி வலமும் இடமும் வீசிக்கொண்டே நடப்பதால், தான் அடித்து நனைந்த பயிருக்குள்ளேயே கால் வைத்து நடக்கிறார். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுபவர்களும் உண்டு.

மூக்கு வழியாகத்தான் மருந்து ஏறும் என்று நினைத்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். கைத்தெளிப்பானில் வரும் துளிகள் பெரும்பாலும் பெரியவை. நுரையீரல் வரை போவது குறைவு. உடம்புக்குள் போவதில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் போகிறது. தோலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1971-இல் ஹோவர்ட் மெய்பாக் குழுவினர் கதிரியக்க அடையாளமிட்ட பாரத்தியான் மருந்தை மிகச் சிறு அளவில் தன்னார்வலர்களின் தோலில் வெவ்வேறு இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று சிறுநீரில் அளந்தார்கள். முன்கையில் தடவியதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. நெற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. முதுகில் ஒழுகி இடுப்பு லுங்கியை நனைக்கும் டேங்க் என்ன செய்கிறது என்பதை இந்த எண்களை வைத்துப் பார்த்தால் உடம்பு நடுங்கும். மூடியின் வாஷரை மாற்றினாலே இந்த ஆபத்து குறையும். அந்த வாஷர் விலை ஒரு டீயின் விலைகூட இருக்காது.

ரிச்சர்ட் ஃபென்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கண்ணுக்கே காட்டினார். சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் பொருளை மருந்து டேங்கில் கலந்தார். வேலை முடிந்ததும் தொழிலாளர்களை இருட்டறையில் புற ஊதா விளக்கின் முன் நிறுத்திப் படம் பிடித்தார். மருந்து பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. கழுத்துப் பட்டைக்குள், கை மடிப்புக்குள், பாதுகாப்பு உடைக்கு அடியில், தானே முகத்தைத் துடைத்த விரல் தடத்தில் எல்லாம் அந்த நீலம் தெரிந்தது. உடை போட்டிருந்தும் உடம்பு சுத்தமாக இருக்கவில்லை.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது? நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. சேதி போய்ச் சேர்ந்த நொடியே அதை உடைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. பூச்சிக்கும் அதே நொதிதான், நமக்கும் அதே நொதிதான். 1936-இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ரேடரின் கையில் டாபுன் என்ற ராணுவ நச்சு வாயு அகப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான். நொதி கட்டுண்டால் சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறும், வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும்.

அந்த அளவுக்குப் போகாதவர்களின் நிலைதான் அதிகம் கவனிக்கப்படாதது. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் இந்த நொதி ஒரு முறை முடங்கிவிட்டால், புதிய சிவப்பணுக்கள் பிறந்துதான் மறுபடி கூட வேண்டும். அது நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான். வாரம் ஒரு வயல் என்று கூலிக்கு மருந்து அடிப்பவரின் நொதி ஏறுவதற்கு முன்பே மறுபடி இறங்குகிறது. தலைவலி, அசதி என்று அவர் நினைப்பது இதுவாக இருக்கலாம். கலிபோர்னியா 1974-லிருந்தே இந்த மருந்துகளைக் கையாளும் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நொதி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த வேலையிலிருந்து அவரை விலக்கி வைக்க வேண்டும். நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மருந்து டேங்கைச் சுமக்கும் கூலிக்காரருக்கு அப்படி ஒரு பரிசோதனை உண்டு என்பதே தெரியாது. மருந்து அடித்த மறுநாள் அதே ஈரத்தில் குனிந்து களை பறிக்கும் பெண்களைப் பற்றி யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை.

கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கால் உடை போடுங்கள் என்று பாட்டில் லேபிளில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு முடிந்ததாக ஒரு பழக்கம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு 16 கிலோவுக்கு மேல் சுமந்து சேற்றில் நடப்பவருக்கு மருந்தைவிட முதலில் வெப்பமே ஆபத்தாகும். இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. பூச்சிமருந்து நிர்வாகத்துக்காக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வகுத்த நடத்தை விதிகளிலேயே அது இருக்கிறது: அணியச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை, குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் தொழிலாளர்களும் பயன்படுத்தும் நிலையில், தவிர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தப் பருவத்தில் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்ததால் முகத்துக்கு நேராக அடிக்க வேண்டியிருந்தது என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பயிரின் உயரம் தாவர இனப்பெருக்க அறிஞரின் அக்கறை என்றும், தொழிலாளியின் முகம் சுகாதாரத் துறையின் அக்கறை என்றும் பிரித்து வைத்திருப்பதன் விலை இது.

மருந்தையே அப்புறப்படுத்திய நாடுகள் உண்டு. 1986-இல் புகையானால் நெல் அழிந்துகொண்டிருந்தபோது இந்தோனேசியா ஓர் அதிபர் ஆணையில் 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. மருந்துக்குக் கொடுத்துவந்த பெரும் மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விவசாயிகள் வயலிலேயே வாரம் ஒருமுறை கூடி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பழகும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. நெல் உற்பத்தி குறையவில்லை, கூடவே செய்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் ஆழமானது. மானோகுரோட்டோபாஸ் உட்பட மிகக் கொடிய ஆர்கனோபாஸ்பேட்டுகளை அது 1995-க்குள்ளும், எண்டோசல்பானை 1998-இலும் விலக்கியது. பிறகு பாராகுவாட் உள்ளிட்ட சிலவற்றைப் படிப்படியாக நிறுத்தியது. அங்கே மருந்தைக் குடித்து உயிர்விட்டவர்கள் ஏராளம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ்க் குடும்பங்கள் அந்தத் துயரத்தை நன்றாக அறியும். 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தடைகளால் விளைச்சல் விழுந்ததா என்று தனியாக ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி எதுவும் தென்படவில்லை. இதையும் 2021-இல் அதே நாடு எல்லா ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே அடியாக நிறுத்தியதையும் சேர்த்துக் குழப்பக்கூடாது. அந்த முடிவால் நெல் விளைச்சல் சரிந்து, சில மாதங்களில் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1995-இன் தடை, எது கொல்கிறது, அதற்கு மாற்று எது என்று ஒவ்வொரு மருந்தாக ஆராய்ந்து எடுக்கப்பட்டது. 2021-இன் தடைக்கு அந்த வேலை எதுவும் நடக்கவில்லை.

மருந்து முற்றிலும் போகும்வரை அடிப்பவரைக் காக்கும் முயற்சிகளும் தொடர வேண்டும். பெங்களூரில் பிரவீண் வெமுலாவின் குழு, ஆர்கனோபாஸ்பேட் பட்டதும் அதை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருளைப் பருத்தித் துணியிலேயே பிணைத்திருக்கிறது. சாதாரண உடைபோல் காற்று புகும், துவைத்துத் துவைத்து உடுத்தலாம். ‘கிசான் கவச்’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியான அந்த உடையின் விலை அப்போது சுமார் 4,000 ரூபாய். வெப்ப நாட்டு உடம்பை நினைத்துச் செய்யப்பட்டது என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கூலிக்கு அடிப்பவருக்கு அதை யார் வாங்கித் தருவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். டிரோன் ஆளை வயலுக்கு வெளியே நிறுத்துகிறது. அது பெரிய நன்மை. ஆனால் ஏக்கருக்கு 200 லிட்டரில் கலந்ததை டிரோனில் சுமார் 10 லிட்டரில் கலப்பதால், வரப்பில் நின்று கலப்பவர் கையில் படும் மருந்து அந்த அளவுக்குக் கெட்டியாகிறது. அடிப்பது பத்து நிமிட வேலையாகிவிட்டால், தேவையில்லாத மருந்தையும் அடிக்கத் தோன்றும்.

அந்தத் தேவையில்லாத மருந்தைக் குறைப்பதற்கு மிக மலிவான ஆராய்ச்சியை நடத்தியவர் கே.எல். ஹியோங். பிலிப்பைன்ஸின் லெய்தே தீவிலும் பிறகு வியட்நாமின் மேகாங் ஆற்றுப் படுகையிலும் விவசாயிகள் முதல் மருந்தை எதற்கு அடிக்கிறார்கள் என்று அவர் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு. அந்தப் புழு இலையை மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். வயல் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு பொறுக்காது. ஆனால் இளம்பருவத்தில் நெல் புது இலை விட்டு அந்தச் சேதத்தை ஈடுகட்டிவிடும். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள் என்று ஹியோங் சொன்னார். சொந்த வயலில் 500 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 12 சென்ட், ஒதுக்கி, அதில் மட்டும் முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காமல் விட வேண்டும். அறுத்ததும் அந்த நெல்லைத் தனியாக எடை போட வேண்டும். செய்தவர்களுக்கு எடை குறையவில்லை. 1994-இல் இந்தச் சேதி வானொலி நாடகமாகப் போகத் தொடங்கி, பிறகு மேகாங் படுகையெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் அங்கே விவசாயிகள் மருந்து அடிக்கும் தடவைகள் பாதியாகக் குறைந்தன.

இதே சோதனையைச் சம்பா வயலிலும் செய்யலாம். 40 நாளுக்குப் பிறகும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதில்லை. காலையில் வயலின் குறுக்கே நடந்து, அங்கங்கே குத்தை விலக்கி அடித்தூரில் பார்த்தால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே சிலந்திக்கு இடம் இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்றால் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை டேங்கைத் தொட வேண்டாம்.